பச்சைத்தலை ஊசிகள்

அத்தியாயம் 7

“அக்கா, நீங்க பெரிய ஆளாயிட்டீங்க. எங்க கிராமத்துல கோழி வளர்க்கிறவன் வரைக்கும் பார்த்துட்டான்.”

ஃபிடெலிஸ் கைப்பேசியை மேசைமேல் வைத்து சல்பியா பக்கம் தள்ளினான். அவனுடைய மற்றொரு கையில் கோலோ மீ நூடுல்ஸ் பொட்டலம். பாடுங்கான் தெருவில் நூடுல்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்ததில் சல்பியாவுக்கு ஒரே நஷ்டம் இதுதான். உதவியாளன் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருந்தான்.

“இதெல்லாம் பார்க்க எனக்கு ஏது நேரம்?” என்றாள் சல்பியா. நேற்று வீட்டில் தனியாக உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை.

வீடியோவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கூச்சிங் நகரத்துப் பிகோனியாச் செடி வளர்ப்போர் சங்கம். மேடையில் ஊதா முக்காடும் நிமிர்ந்த தலையுமாக சல்பியா. கையில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் பெட்டி. மூடியைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடிக்கிறாள். “மிஸ் லியூ, இந்த இலை உங்க வீட்டுக்குத் தானா நடந்து வந்துச்சா?” கூட்டம் சிரிக்கிறது. கைதட்டுகிறது. மூக்குக்கண்ணாடிக் கடை லியூ சுக் யின் எழுந்து நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். மூடிக்கொள்கிறாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். பெட்டி வரிசை வரிசையாகக் கை மாறுகிறது.

வழக்கு இதுதான். பாவ் ஊர்ப் பக்கத்தில் தெம்பாகா என்று ஒரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. கல்லுக்காக வெடி வைத்து அதைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டார்கள். அந்தக் குகை வாயில் மட்டுமே வளர்ந்த பிகோனியா ஒன்று குன்றோடு போயிற்று. ஈரக் கருங்கல் நிறத்தில் இலை, அதில் செம்புக் கம்பி இழுத்தாற்போல நரம்புகள். வெடிக்கு முன்னால் காப்பாற்றிய ஒரே செடி, சங்கத் தலைவர் வான் ஜைலானி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அவர். ஊருக்கே வாத்தியார். செடியைப் பார்த்துப் பெயர் சூட்ட வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வரவிருந்த நேரத்தில், அது சட்டியோடு காணாமல் போய்விட்டது. சங்கம் சல்பியாவை அமர்த்தியது. அவள் ஒரே வாரத்தில் லியூ வீட்டு அலமாரியில் அதே சாதி இலையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“நிறுத்து” என்றாள் இப்போது.

“எதை? மீயையா, வீடியோவையா?”

“வீடியோவை. அந்தப் பெட்டியைப் பெருசாக்கு.”

பெட்டிக்குள் ஈரப்பாசி. பாசிமேல் மல்லாத்திப் படுக்க வைத்த ஒரே இலை. நரம்புகள் பிரியும் இடத்தில், எலிக்காது அளவில் மூன்று குட்டி இலைகள் முளைத்திருந்தன. தாய் இலை பாசியை விட்டு எழும்பாமல் இருக்க நாலு பக்கமும் குண்டூசி குத்தியிருந்தது. வாடின கீரை நிறத்தில் முத்து வைத்த தலை. ஊசி இறங்கிய இடத்தில் பாசி பழுப்பாகத் துருவேறிக் கிடந்தது.

சல்பியாவின் கை தானாகத் தன் மோவாய்க்குக் கீழே போயிற்று. அங்கே அவளுடைய முக்காட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதே மாதிரி ஊசிதான். தலை மட்டும் வெள்ளை. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று குத்திக்கொள்கிற ஊசி. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறாள், ஊசியைப் பார்க்கவில்லை.

“இது முக்காட்டு ஊசிடா.”

“லியூ முக்காடு போடறதில்லையே? அவங்க சர்ச்சுக்குப் போற ஹக்கா சீனக்காரங்க.”

“அதைத்தான் சொல்றேன். இவ்வளவு துருப்பிடிக்க எவ்வளவு காலம் ஆகும்?”

“ஈரத்துலயா? எங்க அண்ணன் பைக்கு ஒரு மழைக்காலம் வெளிய நின்னுச்சு, தான் பைக்குங்கறதையே மறந்துடுச்சு.”

அவள் சிரிக்கவில்லை. சங்கச் செயலாளருக்குப் போன் போட்டாள். ஓர் இலையைப் பாசியில் வைத்தால் அது குட்டி விட எத்தனை நாளாகும்?

“இந்தச் சாதி கொஞ்சம் முரடுங்க. ரெண்டு மாசமாவது ஆகும்.”

“செடி காணாமப் போயி இன்னும் ரெண்டு வாரம்கூட ஆகலையே?”

“எனக்கும் அன்னைக்கே உறுத்துச்சு மேடம். முதல்ல இலையைத் திருடி, அப்புறம் செடியையே தூக்கியிருப்பாளோன்னு நாங்களா சமாதானம் சொல்லிக்கிட்டோம். நீங்க அவ்வளவு நிச்சயமாப் பேசுனீங்க. குறுக்க பேச ஒரு மாதிரியா இருந்துச்சு.”

சல்பியா போனை வைத்தாள். முதன்முதலில் லியூ வீட்டுக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. லியூ அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தொட்டி தொட்டியாக விளக்கைப் போட்டுக் காட்டினாள். அலமாரியில் இருந்த பெட்டியைப் பற்றிக் கேட்டதும்தான் முகம் மாறியது. “அதைப் பத்தி நான் சொல்ல முடியாது” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைக் குற்றமாக்கி, மறுநாள் கமிட்டிக்காரர்கள் நாலு பேரோடு போய்ப் பெட்டியை வாங்கி வந்தாள் சல்பியா.

“வண்டியை எடு” என்றாள்.

*

வழியில் லியூவின் கண்ணாடிக் கடை மூடிக் கிடந்தது. ஷட்டரில் யாரோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். ‘செடித் திருடி’. ஃபிடெலிஸ் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் அதைக் கிழித்துக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான்.

லியூ வீட்டு இரும்புக் கதவு பூட்டியிருந்தது. மணியடித்தார்கள். உள்கதவு திறந்தது. லியூ வெளியே வராமல் வாசல்படியிலேயே நின்றாள். தலை வாரியிருந்தாள், புடவைக்கடைப் பொம்மை மாதிரி முகத்தில் அசைவே இல்லை.

“எதை எடுத்துட்டுப் போக வந்தீங்க?”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த இலையை உங்களுக்கு யார் குடுத்தாங்க?”

“ஞாயித்துக்கிழமை கேட்டிருக்கலாமே. அன்னைக்கு நீங்க எதையும் கேக்கல. பதிலைத்தான் சொன்னீங்க.”

சல்பியா இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் அது சுட்டது. “யாருன்னு சொன்னா உங்க பேரு சுத்தமாயிடும்.”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். என் பேரு போச்சு. வாக்கையும் விட்டுட்டா என்கிட்ட அப்புறம் என்ன இருக்கு?” என்றவள் திரும்பப் போனாள். ஏதோ தோன்றி நின்றாள். “பெட்டி எங்க?”

“வாத்தியார்கிட்ட ஒப்படைச்சாச்சு.”

“மூடி போட்டா?”

மூடி போட்டிருந்ததா? கூட்டம் முழுக்கக் கை மாறி, ஏ.சி. காற்றில் ஒரு மணி நேரம் திறந்து கிடந்த பெட்டி. மூடி கடைசியில் எங்கே போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

லியூவின் முகம் அப்போதுதான் உடைந்தது. “அது காத்துப் படாம வளர்ந்த குட்டிங்க” என்றாள். “வெளிக்காத்துப் பட்டா ஒரே நாள்ல துவண்டு போகும். மூணு இருந்துச்சு.” கதவு சாத்திக்கொண்டது.

வண்டிக்குத் திரும்பும்போது ஃபிடெலிஸ் சொன்னான். “அக்கா, அவங்க கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“தெரியும். பேசாம ஓட்டு.”

*

முக்காட்டு ஊசிக்கு கூச்சிங்கில் இந்தியா தெருவை விட்டால் வேறு இடம் கிடையாது. அந்த முனையிலிருந்து இந்த முனை வரை துணிக்கடைகள். நாலு கடையில் கையை விரித்தார்கள். ஐந்தாவது கடைக்காரி ஹஜ்ஜா மஸ்துரா, கைப்பேசியைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். இதற்குள் ஃபிடெலிஸ் ஒரு ரோஜா நிற முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கீழ வைப்பா. கையெல்லாம் எண்ணெய்” என்று திரும்பாமலே அதட்டிவிட்டு, சல்பியாவிடம் சொன்னாள்: “என் சரக்குதான். ஆனா இந்தக் கலரை நான் விக்கிறதில்ல, ஒருத்தங்களுக்குன்னு ஒதுக்கி வைக்கிறேன். இந்தக் கண்றாவிப் பச்சையை வேற யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.”

“யாருக்காக?”

“வாத்தியார் வீட்டம்மா ரொஸ்னானிக்கு. ‘அவரு எந்நேரமும் இலையைத்தான் பார்க்கிறாரு, என் தலையிலயும் இலைக்கலர் இருந்தா என்னையும் பார்ப்பாருல்ல’ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. பாவம், நல்ல மனுஷி. ஏன், ஏதும் பிரச்சினையா?”

“இல்லை” என்றாள் சல்பியா.

கடையை விட்டு இறங்கியதும் ஃபிடெலிஸ் முணுமுணுத்தான். “சொந்த வீட்டுக்காரம்மாவே திருடி, லியூகிட்ட குடுத்துட்டாங்களா? புருஷன் மேல கோவம்னா உப்பு தூக்கலாப் போட்டுக் குழம்பு வச்சாப் போதாதா?”

“இலை போன சமயத்துல செடி இருந்துச்சு. செடி அதுக்கப்புறம்தான் போச்சு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத” என்றாள் சல்பியா. அப்படிக் கட்டியதே அவள்தான் என்பது சொன்ன பிறகு உறைத்தது.

வாத்தியார் வீடு ஆற்றுக்கு அக்கரையில். சுற்றிப் பாலத்தில் போவதைவிடப் படகு சீக்கிரம். கூரை போட்ட சின்னப் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். அக்கரைக்கு ஐஸ்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் சல்பியாவை உற்றுப் பார்த்தார். “நீங்க அந்தச் செடித் திருடியப் பிடிச்ச மேடம்தானே? சரியாக் கேட்டீங்க கேள்வி!” என்று கட்டைவிரலை உயர்த்தினார். சல்பியா ஆற்றைப் பார்த்துக்கொண்டாள். முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஃபிடெலிஸ் கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். “முதல் நாள் அவங்க வீட்டுல எடுத்தது. அம்மா தலையில என்ன ஊசின்னு பார்க்கிறேன்… இதோ. பச்சை! மஸ்துரா பாட்டி வாழ்க.”

படத்தில், செடி காணாமல் போனதாகச் சொன்ன மறுநாள் காலை. கண்ணாடித் தொட்டிமேல் குனிந்து சல்பியா நிற்கிறாள். பின்னால் ரொஸ்னானி. தொட்டிக்குள் நெருக்கமாகப் பாசி, நடுவில் சட்டி இருந்த இடம் மட்டும் வட்டமாக.

“அக்கா, இந்த வட்டத்தைப் பாருங்க. எங்க மாமா போலீஸ்ல சேர்ந்து மொட்டை போட்டாரு. ஒரு மாசம் கழிச்சு லீவுல வந்தப்ப தலை இப்படியேதான் இருந்துச்சு. முள்ளு முள்ளா.”

சல்பியா கைப்பேசியைப் பிடுங்கினாள்.

வட்டத்துக்குள் பொடிப்பொடியாகப் பச்சை. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பெரணிக் குருத்துகூட எட்டிப் பார்த்தது. சட்டியை அதற்கு முந்தின நாள் எடுத்திருந்தால் அந்த இடம் வெறும் பழுப்பாக, வெளிச்சமே படாத தரையாக அல்லவா இருக்கும்?

“முந்தின ராத்திரி திருடு போச்சுன்னு சொன்னாரு” என்றாள் மெதுவாக. “சட்டி அங்கேருந்து போயி அப்பவே ஒரு மாசம் இருக்கும்.”

ஃபிடெலிஸ் மெல்லுவதை நிறுத்தினான். “அப்போ திருடன்…”

“திருடனே இல்லை.”

போலீசுக்குப் போக வேண்டாம் என்று வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. துப்பறிகிறவர் எதற்கு, விட்டுவிடலாம் என்று கமிட்டியிடம் மன்றாடியதும் ஞாபகம் வந்தது. பெருந்தன்மை என்று நினைத்து, அவர்மேல் மரியாதை கூடிப்போயிருந்தது அவளுக்கு. தொட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு இதைப் பார்த்திருக்கிறாள். பாசி முளைத்திருப்பது அவள் கண்ணில் பட்டும் இருக்கிறது. பட்டதை யோசிக்கவில்லை. வாத்தியார் பேச்சை நம்பினாள், லியூவின் மௌனத்தை நம்பவில்லை. இவ்வளவுதான் அவள் செய்த துப்பறிதல்.

*

ரொஸ்னானிதான் கதவைத் திறந்தாள். அவள் மோவாய்க்குக் கீழே பச்சை முத்து. சல்பியாவின் பார்வை அங்கே நின்றதைக் கண்டதும் அவள் கை மேலே போய் அதை மறைத்தது.

வாத்தியார் செடி அறையில் இருந்தார். சுவர் நெடுகத் தொட்டிகள், விளக்குகள், குளிர்ந்த காற்று. மேசைமேல் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி. அதன்மேல் மூடிக்குப் பதிலாக ஒரு கண்ணாடித் தட்டு. வாத்தியார் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். தாய் இலை விளிம்பெல்லாம் கறுத்து, வெந்த கீரையாகப் பாசியில் ஒட்டியிருந்தது. குட்டிகளில் இரண்டு தலை சாய்ந்துவிட்டன.

“வாங்க மேடம்” என்றார் நிமிராமல். “என்னென்னவோ செஞ்சு பார்த்துட்டேன். நிக்க மாட்டேங்குது.”

“வாத்தியாரே, உங்க செடி எப்ப செத்துச்சு?”

பூதக்கண்ணாடி மேசையில் இறங்கியது. வாத்தியார் மிக மெதுவாக நிமிர்ந்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட மனிதர். தன்னிடம் கேட்கிற கேள்விக்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“திருடு போச்சுன்னு…”

“சட்டி இருந்த இடத்துல பாசி முளைச்சிருக்கு. எங்கிட்ட படம் இருக்கு.”

“அந்தப் பொண்ணுகிட்ட இலை இருந்துச்சே!” அவர் குரல் உயர்ந்தது. “நான் ஒரு மனுஷனுக்கும் இலை குடுத்ததில்லை. திருடாம அவகிட்ட எப்படி வரும்? நான் சொன்னது பொய்யாவே இருக்கட்டும். அவ திருடிதானே? ஞாயித்துக்கிழமை நீங்க பெட்டியைத் தூக்கிக் காட்டினப்ப, அட, நம்ம வாயில வந்த பொய்யே நெஜமாயிடுச்சேன்னு நானே திகைச்சுப் போயிட்டேன்.”

“நான்தான் குடுத்தேன்.”

வாசலில் ரொஸ்னானி நின்றிருந்தாள். கையில் டீத் தட்டு. ஃபிடெலிஸ் போய் அதை வாங்கிக் கீழே வைத்தான்.

“ஒரு இலையில ஓரம் பழுத்துச்சு. உங்ககிட்ட சொன்னேன். ‘உனக்கு என்ன தெரியும், போயி அடுப்பைப் பாரு’ன்னீங்க. எனக்குப் பயமாயிடுச்சு. இது ஒண்ணு போயிட்டா உலகத்துலயே இல்லைன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நீங்க தொழுகைக்குப் போன நேரத்துல ஒரு நல்ல இலையைக் கிள்ளி, என் ஊசியாலயே பாசியில குத்தி, கண்ணாடி மாத்தப் போறப்ப லியூகிட்ட குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.” அவள் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “அவ சத்தியத்தைக் காப்பாத்திட்டா. நான் ஞாயித்துக்கிழமை ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தேன். அவ எந்திரிச்சு என்னைப் பார்த்தா. ஒரு தடவைதான் பார்த்தா. நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.”

வாத்தியார் பூதக்கண்ணாடியைத் தள்ளி வைத்தார்.

“பூக்க வைக்கணும்னு பார்த்தேன்” என்றார் வாத்தியார், யாரிடமும் இல்லாமல். “ஆராய்ச்சிக்காரங்க வர்றப்ப பூவோட இருக்கணும்னு உரத்தைக் கூட்டினேன். மழைத்தண்ணி தீர்ந்துபோச்சு, குழாய்த் தண்ணியையே ஊத்தினேன். ஒரு நாள் காலையில வந்து பார்த்தா தண்டு கூழாக் கெடக்கு. தெம்பாகா குன்றுல வெடி வச்சவனைத் திட்டிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் பேசினவன் நான். மிச்சமிருந்ததை நானே கொன்னுட்டேன்னு எப்படிப் போய்ச் சொல்லுவேன்?”

சல்பியாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்த மனிதர் ஒரு பொய் சொன்னார், அந்த அம்மாள் ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டாள். இரண்டையும் எடுத்துக் கோத்து, ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் கழுத்தில் மாட்டியது யார்?

அவள் பெட்டியைக் கண்ணாடித் தட்டோடு இரண்டு கையாலும் தூக்கினாள். “ஒரு குட்டி இன்னும் நிக்குது. இதைக் காப்பாத்தத் தெரிஞ்சவங்க ஒருத்தங்கதான் இருக்காங்க. கிளம்புங்க.”

“நான் எந்த முகத்தோட…” என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

“இருக்கிற முகத்தோட வாங்க” என்றான் ஃபிடெலிஸ். “எங்ககிட்டயும் வேற இல்லை.”

*

லியூ இந்தத் தடவை உள்கதவைத் திறந்து, நால்வரையும் பார்த்து, அதைச் சாத்தப் போனாள். அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தாள். செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் ஓடி வந்து இரும்புக் கதவின் பூட்டைத் திறந்தாள். பெட்டியை வாங்கினாள். சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கடைக்காரர்கள் கண்ணில் சொருகிக்கொள்ளும் சின்ன வில்லையை எடுத்துக் கண்ணில் வைத்துக் குனிந்தாள்.

“இதுக்கு என்ன ஊத்துனீங்க?” என்று நிமிராமல் கேட்டாள்.

யாரைக் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

“மழைத்தண்ணிதான். அப்புறம்… பூஞ்சை மருந்து கொஞ்சம்” என்றார் வாத்தியார்.

“நீங்க வந்து நிக்கிறதைப் பார்த்தாலே தெரியுது, பெரிய செடி திருடு போகல. எப்படிப் போச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க. நீங்க செஞ்சதை நான் இதுக்குச் செஞ்சிடக் கூடாது.”

தெருவில் நின்றபடி வாத்தியார் சொன்னார். உரம், அளவு, குழாய்த் தண்ணீர், பூ ஆசை, பொய். எதையும் விடவில்லை. கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லியூ தலையை ஆட்டி, “உள்ள வாங்க, பாசி கழுவணும், ஆள் வேணும்” என்றாள். ரொஸ்னானி அவள் கையைப் பிடிக்கப் போனாள். “அப்புறம்மா. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க” என்றாள் லியூ.

சல்பியா ஓரடி முன்னால் வைத்தாள். “மிஸ் லியூ, நான் உங்ககிட்ட மன்னிப்பு…”

“இப்ப வேணாம்.” லியூ முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். “இப்ப நீங்க ஏதாவது சொன்னா எனக்குக் கை நடுங்கும். நான் அழுகலை வெட்டணும். மயிரிழை தப்பினா மிச்சமும் போயிடும். அங்கேயே நில்லுங்க.”

இரும்புக் கதவு மூடியது.

சல்பியா அங்கேயே நின்றாள். உச்சிவெயில் தலையில் இறங்கியது. எதிர் வீட்டில் துணி காயப்போட வந்த கிழவி அவளை அடையாளம் கண்டு உள்ளே யாரையோ கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. ஃபிடெலிஸ் வண்டியிலிருந்து குடையை எடுத்து வந்து விரித்தான். “வேணாம்” என்றாள்.

“அக்கா, வண்டிக்குள்ளயாவது உக்காருங்க. ஏ.சி. வேலை செய்யாது, ஆனா செய்யுற மாதிரி சத்தம் போடும்.”

“நீ உக்காரு.”

அவன் உட்காரவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். நிழல் சுவரை விட்டு நகர்ந்து சாக்கடை வரைக்கும் வந்த பிறகு உள்கதவு திறந்தது. லியூ படியில் நின்றாள். கையுறையில் பாசி ஒட்டியிருந்தது.

“வேர் வெள்ளையா இருக்கு” என்றாள். “பொழைச்சுக்கும்னு நினைக்கிறேன்.”

சல்பியா மூச்சு விட்டாள்.

“இப்பச் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பேச ராத்திரி முழுக்கத் தயார் செய்து வந்தவளுக்கு இப்போது ஒரு வார்த்தையும் தயாராக இல்லை. “நான் தப்புப் பண்ணிட்டேன்” என்றாள். “நீங்க எதையும் திருடலை. தெரியாமயே, விசாரிக்காமயே உங்களைத் திருடின்னு சொல்லிட்டேன்.”

லியூ எதிர் வீட்டைக் காட்டினாள்.

“அந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவங்களுக்குக் கேக்கலை.”

சல்பியா தெருவின் நடுவுக்கு நடந்து போனாள். வீடுகளைப் பார்த்து நின்று, முதலிலிருந்து, உரத்த குரலில் மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது.